கிழக்கேகோட்டையும் நாமும்

திருவனந்தபுரத்தில் மூன்று நான்கு தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தாரிடமும் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்கு ஊர் எது?" திருவனந்தபுரம் என்று சொன்னால் கேட்டவர் விடமாட்டார். "அதில்லை, சொந்த ஊர்?" என்பார். நாகர்கோவில், தென்காசி, கும்பகோணம் என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால்தான் அவருக்கு மனம் ஆறும். கேட்பவர் மேல் குற்றமில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே இப்போது அப்படிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நாம் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள்தானா, அல்லது இந்த ஊரோடு சேர்ந்து வளர்ந்தவர்களா? இதற்கு விடை தேட நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. கிழக்கேகோட்டை வாசலில் போய் நின்று நாலு திசையும் பார்த்தால் போதும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'கிழக்கே', 'கோட்டை' இரண்டும் எந்த மொழிச் சொற்கள்? மலையாளி தன்னுடையது என்பார், நாமும் நம்முடையது என்போம். இருவர் சொல்வதும் சரி. வடக்கே சிறிது தூரத்தில் பழவங்காடி. பழைய அங்காடிதான் பழவங்காடி. கடைத்தெருவுக்கு அங்காடி என்ற பெயர் சிலப்பதிகார காலத்திலேயே நம்மிடம் உண்டு. தமிழ்நாட்டில் ரேஷன் கடைப் பலகையிலும் பாடப்புத்தகத்திலும் ஒதுங்கிவிட்ட அந்தச் சொல்லை இங்கே நகரப் பேருந்து நடத்துநர் நாள் முழுவதும் கூவிக்கொண்டிருக்கிறார். அருகிலுள்ள புத்தரிக்கண்டம் மைதானம் ஒரு காலத்தில் நெல்வயல். கோவிலில் நிறைபுத்தரி நாளன்று படைக்கும் புது அரிசிக்கான கதிர் விளைந்த கண்டம் அது. இன்று பொதுக்கூட்டமும் பொருட்காட்சியும் நடக்கின்றன.

இனி கோட்டை. திருவிதாங்கூரைப் பெரிய அரசாக்கிய மார்த்தாண்ட வர்மர் (1729 - 1758) காலத்தில் பத்மநாப சுவாமி கோவிலைச் சுற்றி எழத் தொடங்கிய இக்கோட்டை, அவருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மர் காலத்தில் நிறைவு பெற்றது. இவரைத்தான் தர்மராஜா என்பார்கள். வேலையை மேற்பார்த்தவர் டிலனாய் என்ற ஐரோப்பியர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1741-ல் குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் மன்னரிடமே பணியில் சேர்ந்து படைத்தலைவராக உயர்ந்தவர் அவர். 1777-ல் மறைந்த அவருடைய கல்லறை, தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்லறைக் கல்லில் இரண்டு மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறது. ஒன்று லத்தீன். மற்றொன்று தமிழ். திருவிதாங்கூர் அரசின் படைத்தலைவருக்குக் கல்லில் பேர் பொறித்தபோது அந்த வட்டாரத்து மக்கள் வாசிக்கும் மொழியில் பொறித்தார்கள், அவ்வளவுதான். அதை யாரும் அன்று விசேஷமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

தர்மராஜாவின் காலம் வரை அரசுக்குத் தலைநகரம் பத்மநாபபுரம். அதாவது, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசன் இடம் மாறினால் கூடவே படை, கணக்கர், சமையற்காரர், பாடகர், நெசவாளர், வணிகர் எல்லாரும் மாற வேண்டும். தெற்கேயிருந்து வந்த அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசியவர் எத்தனை, மலையாளம் பேசியவர் எத்தனை என்று அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பெரும்பாலோர் இரண்டையும் பேசியவர்கள். பழவங்காடி கணபதியும் அப்படி வந்தவரே. பத்மநாபபுரத்தில் நாயர் படையினர் வழிபட்டு வந்த பிள்ளையார், படையோடு இங்கே குடியேறினார். இன்றும் அக்கோவில் இந்திய ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. பரீட்சைக்குப் போகும் பிள்ளையும் பெண்ணுக்கு வரன் பார்க்கும் தகப்பனும் அங்கே தேங்காய் உடைக்கிற உடைப்பில் மொழி வேறுபாடு ஒன்றும் தெரிவதில்லை.

வாசலைக் கடந்து மேற்கே நடந்தால் கோபுரம். கேரளத்துக் கோவில்களில் ஏழு நிலைக் கோபுரம் அபூர்வம். ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரைகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஏறத்தாழ நூறடி உயரமுள்ள இந்தக் கற்கோபுரம் பாண்டி நாட்டிலிருந்து பெயர்த்து வைத்தது போலத் தோன்றும். 1566-ல் அடித்தளமிட்ட இதன் திருப்பணி மிகப் பிந்தியே முடிந்தது. 1686-ல் கோவில் தீப்பற்றி எரிந்து நெடுங்காலம் பாழாய்க் கிடந்ததும், மார்த்தாண்ட வர்மர் அதை எடுத்துக் கட்டி, 1750 ஜனவரி 3-ம் நாள் நாட்டையே பத்மநாபனின் திருவடியில் ஒப்படைத்துவிட்டு அவருடைய தாசனாக ஆண்டதும் பலரும் அறிந்த வரலாறு. ஒற்றைக்கல் மண்டபத்தையும், 365-உடன் ஒரு கால் தூணையும் சேர்த்து எண்ணும் சீவேலிப் பிரகாரத்தையும் எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது. அந்தக் கால் தூணைத் தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. 2011-ல் நிலவறைகள் திறக்கப்பட்டபோது உலகமே இந்தக் கோவிலைத் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு தங்கத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள்.

எனக்கு அந்தத் தங்கத்தைவிட வேறு இரண்டு செய்திகள் பெரிதாகப் படுகின்றன. ஒன்று, நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இத்தலத்துக்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். கோட்டை எழுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே திருவனந்தபுரத்தின் பெயர் தமிழ்ப் பாட்டில் நிலைபெற்றுவிட்டது. மற்றொன்று இன்னும் சுவையானது. கேரளத்தில் மாதங்களுக்கு மேடம், இடவம், துலாம், மீனம் என்று ராசிப் பெயர்கள் வழங்குவதை நாம் அறிவோம். ஆனால் இக்கோவிலில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் பெருந்திருவிழாக்களுக்குப் பெயர் என்ன தெரியுமா? அல்பசி உற்சவம், பைங்குனி உற்சவம். ஐப்பசியும் பங்குனியுந்தான் அவை. பைங்குனிக் கொடியேறும் நாட்களில் கிழக்கு நடையில் பஞ்சபாண்டவர்களின் பேருருவங்களை நிறுத்துவார்கள். இரண்டு விழாக்களின் முடிவிலும் ஆராட்டு ஊர்வலம் மேற்கு வாசல் வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். வழியில் விமான ஓடுதளம் குறுக்கிடுவதால் அன்று மாலை சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைப்பார்கள்.

கோவிலின் பழைய கணக்குகளும் ஆணைகளும் மதிலகம் ஏடுகள் என்று அழைக்கப்படுகின்றன. தமிழ், மலையாளம், வட்டெழுத்து, கோலெழுத்து என்று பல வடிவங்களில் எழுதிய ஓலைகள் அவை. கோட்டைப் பகுதியிலேயே இருக்கும் அரசு ஆவணக் காப்பகத்தில் 2022 இறுதியில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறந்திருக்கிறார்கள். கோவிலுக்கு வரும் நம்மவர்கள் அங்கேயும் ஒரு நடை போய்வரலாம். கூட்டம் இராது.

பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையல்ல. இந்தக் கோட்டைக்குள் ஒரு காலத்தில் எல்லாரும் நடந்துவிட முடியாது. கோவிலுக்குள் ஒதுக்கப்பட்ட சாதியார் நுழைய முடியாது. அப்படி ஒதுக்கப்பட்டோரில் மலையாளம் பேசியவரும் இருந்தனர், தமிழ் பேசியவரும் இருந்தனர். அவர்களை ஒதுக்கியவர்களிலும் இரு மொழிக்காரரும் இருந்தனர். வைக்கம் வீதிகளுக்காகப் போராடிய பெரியார் 1924-ல் திருவனந்தபுரம் சிறையில் வைக்கப்பட்டார். சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேச விளம்பரத்தை வெளியிட்டது 1936 நவம்பர் 12-ல். அதைக் கொண்டாடவே காந்தியடிகள் 1937 ஜனவரியில் இங்கு வந்தார். கிழக்கேகோட்டையில் அவர் பெயரால் இருக்கும் பூங்காவில் பஸ்ஸுக்குக் காத்திருப்போர் உட்கார்ந்து கடலை கொறிக்கிறார்கள். கோபுரத்துக்கு முன்னால் அவரவர் விருப்பப்படி நிற்பதற்கு எத்தனை பேர் பாடுபட வேண்டியிருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

பத்மதீர்த்தக் குளத்தின் எதிரே மேத்தன் மணி. தாடிக்கார முகம் ஒன்று மணிக்கு மணி வாய் திறக்க, இருபுறமும் உள்ள ஆட்டுக்கடாக்கள் கன்னத்தில் வந்து முட்டும்படி அமைத்த பழைய கடிகாரம். அங்கிருந்து திரும்பினால் குதிரை மாளிகை. இறவாரத்தின் கீழே வரிசையாகச் செதுக்கிய 122 மரக்குதிரைகளால் வந்த பெயர். 1840-களில் இதைக் கட்டியவர் சுவாதித் திருநாள் மகாராஜா. பதினாறு வயதில் பட்டமேறி முப்பத்து மூன்று வயதில், 1846-ல் மறைந்தார். அதற்குள் எத்தனை மொழிகளில் கீர்த்தனம் இயற்றினார்! அவருக்குக் கல்வி புகட்டியவர் தஞ்சாவூர் சுப்பாராவ். அவரே பின்னால் திவானும் ஆனார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர், இந்த அரசவைக்கு வந்து சேர்ந்தார். 1834-ல் மன்னர் அவருக்கு யானைத் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார். தஞ்சையில் செழித்த சங்கீதமும் சதிரும் இந்த வழியாகத்தான் கேரளத்து மோகினியாட்டத்தோடு கைகோத்தன. இன்றும் ஜனவரியில் அந்த மாளிகையின் முற்றத்தில் சுவாதி சங்கீத விழா நடக்கிறது.

இப்போது கோட்டை வாசலுக்கு வெளியே வந்து கிழக்கே திரும்புவோம். எதிரே தொடங்குவதுதான் சாலை. சாலைக் கம்போளம் என்று பழையவர்கள் சொல்வார்கள். தர்மராஜாவின் திவான் ராஜா கேசவதாஸ் நிறுவிய கடைத்தெரு இது. கிள்ளியாற்றுக்கும் கரமனையாற்றுக்கும் பாலம் போட்டு, தெற்கேயிருந்து வரும் வண்டிகள் நேரே கோட்டை வாசலுக்கு வந்து சேரும்படி செய்தவரும் அவரே. அவர் பிறந்த குன்னத்தூர், விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்தது. ஏழைப் பிள்ளையாய் மரைக்காயர் ஒருவரின் கடையில் கணக்கெழுதத் தொடங்கியவர். கடை நடத்துவது எப்படி என்று அறிந்த ஒருவர் திவானானால் நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதற்குச் சாலையே சாட்சி. நாஞ்சில் நாட்டு நெல்லும், பாலராமபுரத்து நெசவும், தோவாளைப் பூவும் வந்து இறங்கிய இடம். இரணியல் செட்டியாரும், நாஞ்சில் வேளாளரும், நாடாரும், முஸ்லிம் வணிகரும், கொங்கணரும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் உட்கார்ந்து ஒருவர் மொழியில் மற்றவர் பேரம் பேசினார்கள். இன்றும் ஓணத்துக்குப் பூவும் காய்கறியும் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித்தான் வரவேண்டியிருக்கிறது.

சாலை என்ற பெயருக்கு இன்னொரு பழைய தடமும் உண்டு. இத்தெருவை ஒட்டியே ஆரியசாலை, வலியசாலை என்ற இடங்கள் இருக்கின்றன. வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோவில் இருக்கிறது. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. அங்கே அவன் செய்தது கப்பற்படையை அழித்ததா, கல்விச்சாலையின் உணவு ஏற்பாட்டைத் திருத்தியதா என்ற வாதம் ஒரு நூற்றாண்டாக நடந்துவருகிறது. அதை அறிஞர்களிடமே விட்டுவிடுவோம்.

சாலைக்கு ஒரு கதாசிரியர் இருந்தார். அவரை நம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யாமல் விடுவது பெரும் குறை. ஆ. மாதவன் 1934-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தகப்பனார் செங்கோட்டைக்காரர், தாயார் நாகர்கோவில். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைத் தாமாகவே படித்துத் தேர்ந்தார். சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே, வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறை எண்ணிக் கொடுத்த அதே கையால் 'கடைத்தெருக் கதைகள்', 'கிருஷ்ணப் பருந்து', 'புனலும் மணலும்' எல்லாம் எழுதினார். சுமை தூக்குவோரும், சட்டம்பிகளும், பிழைக்க வழியற்றவர்களும், தெருவோரப் பெண்களும் அவர் கதைகளில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறார்கள். 2015-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021 ஜனவரியில் மறைந்தார். நீல. பத்மநாபனோ கோவிலையும் அதன் சுற்றுத் தெருக்களையும் களமாக்கி 1970-ல் 'பள்ளிகொண்டபுரம்' எழுதினார். அதன் நாயகன் ஓர் அனந்தன் நாயர். மலையாளி ஒருவரின் மனக்குகையைத் தமிழில் எழுதிக் காட்ட முடிந்தது என்றால், அந்தத் தெருக்களில் பிறந்து வளர்ந்ததால்தான் முடிந்தது. சென்னையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் எழுதக்கூடியதல்ல அது.

சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. நம்மில் எத்தனை குடும்பத்தார் பிள்ளையைச் சேர்க்க அந்த வாசலில் ஏறியிருப்போம்? ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவது தவறென்று சொல்ல வரவில்லை. காலம் அப்படி. ஆனால் மாதவனைப் போல் வீட்டிலிருந்தே தமிழெழுத்துக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் அருகி வருகிறார்கள். கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனையிலும் இருந்த அக்கிரகாரத்துத் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளுக்கு இடம் விடுகின்றன. இங்குள்ள கல்யாண இலையில் பால்பாயசத்தோடு பரிமாறும் போளி மட்டும் குறைவில்லாமல் நடமாடுகிறது. கொச்சிக்கு வடக்கே அந்தச் சேர்க்கையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

1956-ஐச் சொல்லாமல் கிழக்கேகோட்டைக் கதை முடியாது. அதற்கு முன்பு நாகர்கோவில்காரருக்குத் திருவனந்தபுரம் தலைநகரம். கோர்ட்டு, கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி, கல்யாணச் சரக்கு எல்லாவற்றுக்கும் அவர் இங்கேதான் வருவார். 1938-ல் திருவிதாங்கூர் அரசு பேருந்து விடத் தொடங்கியபோது முதலில் ஓடிய தடமே திருவனந்தபுரம் - கன்னியாகுமரிதான். பின்னர் மொழிவழி மாநிலக் கோரிக்கை வலுத்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நியாயமான கோரிக்கைதான். ஆனால் கோட்டின் இப்புறம் நின்றுபோனவர்களை அன்று யாரும் அதிகம் நினைக்கவில்லை. சாலையில் கடை வைத்திருந்தவர் கடையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா? முந்தைய நாள் வரை சொந்த நாட்டுத் தலைநகரில் இருந்தவர், மறுநாள் அடுத்த மாநிலத்து மொழிச் சிறுபான்மையினர் ஆனார். களியக்காவிளையில் சோதனைச் சாவடி வந்தது. "சொந்த ஊர் எது?" என்ற கேள்வி பிறந்ததும் அன்றுதான்.

அந்தக் கோட்டை ஆண்டுதோறும் ஒருமுறை தாண்டி வருகிறவர்கள் மூன்று பேர். பத்மநாபபுரம் அரண்மனைத் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. தலைநகரம் பத்மநாபபுரமாக இருந்த காலத்தில் நவராத்திரி அங்கேயே நடந்தது. தலைநகரம் மாறியதும் விழாவும் இங்கு மாறியது. அன்றுமுதல் தெய்வங்கள் வந்துபோகின்றன. அந்தச் சரஸ்வதி, கம்பர் வழிபட்டுச் சேர மன்னரிடம் ஒப்படைத்த திருவுருவம் என்பது மரபு. வரலாற்றாசிரியர் இதற்குச் சான்று கேட்பார். கேட்கட்டும். தமிழ்க் கவிஞனின் தெய்வம் என்று நம்பித்தான் திருவிதாங்கூர் மன்னர்கள் அவள் முன் பாட்டு வைத்தார்கள் என்பதே எனக்குப் போதும்.

பத்மநாபபுரத்தில் அரசரின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுத்தபின் ஊர்வலம் புறப்படும். சரஸ்வதி யானைமேல், மற்றவர் பல்லக்கில். குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு. களியக்காவிளையில் தமிழ்நாட்டு அதிகாரிகள் வழியனுப்ப, கேரள அதிகாரிகள் எதிர்கொள்ள, இரண்டு மாநிலக் காவலரும் மரியாதை செய்கிறார்கள். மாநிலம் பிரிந்து ஆண்டுகள் எத்தனையோ ஆயின. அணைத் தண்ணீருக்காகவும் பாதைக்காகவும் இரு அரசுகளும் எத்தனையோ முறை முறைத்துக்கொண்டன. இந்த ஏற்பாடு மட்டும் நின்றதில்லை. இங்கே வந்ததும் சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், குமாரசுவாமிக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை.

மண்டபத்துக் கச்சேரி வேறெங்கும் காணாதது. எண்ணெய் விளக்கொளி. கைதட்டக் கூடாது, பாடுவது தேவிக்கு, கேட்பவருக்கல்ல என்பது கணக்கு. முல்லமூடு பாகவதர்கள் தோடயமங்களம் பாடித் தொடங்குவார்கள். நாளுக்கொரு சுவாதித் திருநாள் கீர்த்தனை. முதல் நாள் சங்கராபரணம், ஒன்பதாம் நாள் ஆரபி. தலைமுறை தலைமுறையாக அங்கே பெண்கள் பாட இடமில்லை. சரஸ்வதியின் சன்னிதியில்! 2006-ல் அந்தத் தடையைத் தாண்டி உட்கார்ந்து பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வலியசாலை அக்கிரகாரத்தில் வாழ்ந்து எண்ணற்ற மாணவரை உருவாக்கிய அம்மையார் 2021-ல் மறைந்தார். தமிழ் வீட்டுப் பெண் ஒருவர் திறந்துவிட்ட கதவு வழியே இன்று பல பெண்கள் அங்கு பாடுகிறார்கள்.

விசயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்குப் போய்த் திரும்புவார். நல்லிருப்பு என்ற ஓய்வு நாளுக்குப் பின் மூவரும் வந்த வழியே ஊர் திரும்புவார்கள்.

பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு தகவல். நவராத்திரி தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை ஊர்வலம் கரமனை வந்து சாலைத் தெரு வழியாகக் கோட்டை நோக்கி வரும். கடைக்காரர்கள் வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பார்கள். கிழக்கேகோட்டை வாசலில் அந்தி சாயும் நேரத்தில் கூட்டம் நெருக்கும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் ஆரியசாலைப் பக்கமே நின்றுகொள்வது நல்லது. யானை அருகே வரும்போது நாதஸ்வரம் கேட்கும். அதற்குமுன் சற்று நேரம், கூட்டம் தனக்குள் என்ன மொழியில் பேசிக்கொள்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.